கம்பெனிக்குள்ளா, தனியாகவா? ஓப்பன் சோர்ஸ் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், கல்லூரி இறுதியாண்டில் இருப்பவர்கள், பல வருடம் ஒரே கம்பெனியில் இருந்துவிட்டு "நானும் ஏதாவது வெளியே விடலாமா" என்று யோசிப்பவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. ஓப்பன் சோர்ஸ் என்றால், கோடை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று உரிமம் கொடுத்து வெளியிடும் சாஃப்ட்வேர். நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். அதனால் சில இடங்களில் தகவலோடு என் அபிப்பிராயமும் சேர்ந்து வரும்.

கம்பெனிக்குள் ஓப்பன் சோர்ஸ் என்றால் எதைச் சொல்கிறீர்கள்?

இதில் இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. சம்பளம் கம்பெனி கொடுக்கும், ஆனால் புராஜெக்ட் கம்பெனியுடையது இல்லை என்பது ஒரு வகை. இன்டெல், ரெட் ஹாட், கூகுள் ஊழியர்கள் லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அனுப்புவது இப்படித்தான். கம்பெனியே தொடங்கி, கம்பெனியே நடத்தி, கம்பெனியே முடிவெடுக்கும் புராஜெக்ட் இன்னொரு வகை. வெப்சைட் எழுத உதவும் கூகுளின் ஆங்குலர், மைக்ரோசாஃப்டின் டைப்ஸ்கிரிப்ட் மொழி எல்லாம் இதில் வரும்.

கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதே இஷ்யூ (குறைப் புகார்), அதே புல் ரிக்வெஸ்ட் (பேட்சைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை), அதே நட்சத்திரம். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மூன்று விஷயம் பாருங்கள்: ரெப்போ (கோடு இருக்கும் கிடங்கு) யார் கணக்கில் இருக்கிறது, பெயரின் டிரேட்மார்க் யாரிடம், ரிலீஸ் போடும் அனுமதி யார் யாருக்கு. யார் எவ்வளவு கோடு எழுதினார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் லினக்ஸ் எந்தப் பக்கம்?

ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தனியாகத் தொடங்கியது. இன்றைக்கு அதில் சேரும் கோடில் பெரும்பகுதியைச் சம்பளம் வாங்குபவர்கள்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் அதை இன்டெல் புராஜெக்ட் என்றோ ரெட் ஹாட் புராஜெக்ட் என்றோ யாரும் சொல்வதில்லை. கெர்னலில் மெயின்டெய்னர் (கோடைப் பராமரித்து, எந்தப் பேட்சை ஏற்பது என்று முடிவெடுப்பவர்) பொறுப்பு ஆளுக்கு உரியது, கம்பெனிக்கு அல்ல என்பதுதான் காரணம். ஃபைல் சிஸ்டம் ஒன்றைப் பார்த்துக்கொள்பவர் வேறு கம்பெனிக்கு மாறினால், 'மெயின்டெய்னர்ஸ்' என்ற ஃபைலில் அவருடைய ஈமெயில் முகவரி மாறும், அவ்வளவுதான். பொறுப்பு அவரோடேயே போகும். டோர்வால்ட்ஸே 1997 முதல் 2003 வரை டிரான்ஸ்மெட்டா என்ற சிப் கம்பெனியில் வேலை பார்த்தார். அதனால் லினக்ஸ் டிரான்ஸ்மெட்டாவின் சொத்தாகிவிடவில்லை.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நல்ல ஏற்பாடு இதுதான். மாதச் சம்பளம் வருகிறது, "இந்தப் பேட்ச் வேண்டாம்" என்று சொந்த மேனேஜரிடமே சொல்லும் தெம்பும் இருக்கிறது. ஆனால் ஒன்றோடொன்று போட்டி போடும் பல கம்பெனிகளுக்கு அந்த புராஜெக்ட் தேவைப்பட்டால்தான் இது சாத்தியம். போன வாரம் நீங்கள் எழுதிய, தேதியைப் பிரித்துப் படிக்கும் சின்ன டூலுக்கு இது நடக்காது.

லாபத்துக்கு நடக்கும் கம்பெனி எதற்காகக் கோடைச் சும்மா கொடுக்கிறது?

தர்மத்துக்கு இல்லை. பெரும்பாலும் வேறெங்கோ வரும் வருமானத்துக்கு அது உதவுகிறது. பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸைக் கூகுள் 2014-இல் வெளியிட்டபோது, கிளவுட் (வாடகைக்கு விடும் சர்வர்கள்) சந்தையில் அமேசான் வெகுதூரம் முன்னால் இருந்தது. ஒரு அப்ளிகேஷனை எந்த கிளவுடிலும் ஒரே மாதிரி ஓட்டலாம் என்று ஆகிவிட்டால் யாருக்கு லாபம்? பின்னால் ஓடிக்கொண்டிருப்பவருக்குத்தான். அடுத்த வருடமே அதைக் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பிடம் ஒப்படைத்ததற்கும் இதே கணக்குதான். கூகுள் கையிலேயே வைத்திருந்தால் மற்றவர்கள் நம்பி வந்திருக்க மாட்டார்கள். குரோம் பிரௌசருக்கு அடிப்படையான குரோமியமும் அப்படியே. பிரௌசர் வேகமாக இருந்தால் மக்கள் இணையத்தில் அதிக நேரம் இருப்பார்கள், தேடுவார்கள், விளம்பரம் பார்ப்பார்கள்.

நல்ல ஆட்களை வேலைக்கு இழுப்பது, புதிதாகச் சேருபவருக்கு ஏற்கெனவே அந்த டூல் தெரிந்திருப்பது போன்ற சின்னக் காரணங்களும் உண்டு. ஒரு கம்பெனி புராஜெக்டை நம்பி இறங்குவதற்கு முன் "இது இவர்களுடைய எந்த வருமானத்துக்கு உதவுகிறது" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், யாரோ ஒரு இன்ஜினியரின் ஆர்வத்தில்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் டீம் மாறினால் நின்றுவிடும்.

எங்கள் கம்பெனிக்குள் எழுதிய ஒரு டூலை வெளியே விட வேண்டும். என்னென்ன நடக்கும்?

கோடு எழுதியதைவிட இதற்கு அதிக நாள் ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளில் ஓப்பன் சோர்ஸுக்கென்றே ஒரு அலுவலகம் இருக்கும். அங்கே ஒரு படிவம்: என்ன செய்கிறது, ஏன் வெளியிட வேண்டும், நம் வியாபார ரகசியம் ஏதாவது உள்ளே இருக்கிறதா, இனி யார் பார்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு லீகல் டீம் வரும். பேட்டன்ட் ஏதாவது மாட்டுமா, பெயர் வேறு யாருடைய டிரேட்மார்க்கோடாவது மோதுகிறதா, நீங்கள் இழுத்துப் போட்ட லைப்ரரிகளின் (பிறர் எழுதிய தயார்க் கோடு) உரிமங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். சேர்த்து வெளியிடும் கோடையும் அதே உரிமத்தில் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் எங்காவது ஒரு லைப்ரரி ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே ஒரு மாதம் போகும்.

அடுத்ததுதான் நிஜமான வேலை, துப்புரவு. டெஸ்ட் ஃபைல்களில் உள் சர்வரின் பெயர் இருக்கும். கான்ஃபிக்கில் எப்போதோ போட்டு மறந்த பாஸ்வேர்டு இருக்கும். "இந்த வாடிக்கையாளர் தேதியை எப்போதும் தலைகீழாக அனுப்புவார், அதனால் இந்த இரண்டு வரி" என்று வாடிக்கையாளர் பெயரோடு ஒரு கமென்ட் இருக்கும்; இதைவிடக் காரமான கமென்ட்களும் இருக்கும். தற்போதைய ஃபைலில் அழித்தால் போதாது, பழைய கமிட்களிலும் (சேமித்து வைத்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) இருக்குமே. அதனால்தான் கம்பெனிகள் வெளியிடும் ரெப்போக்களில் பல, ஐயாயிரம் வரியைக் கொண்ட ஒரே ஒரு 'இனிஷியல் கமிட்'டோடு பிறக்கின்றன. மூன்று வருட வரலாறு, யார் எந்த வரியை ஏன் எழுதினார் என்ற விவரம், எல்லாம் அந்த ஒரு கமிட்டில் காணாமல் போகும். வெளியிலிருந்து வருபவருக்கு அந்தக் கோடு புரியச் சிரமமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பில்டு, அதாவது கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது, இன்னொரு தலைவலி. உள்ளே எல்லாம் கம்பெனியின் சொந்த பில்டு சிஸ்டத்தில், சொந்த லாகிங் லைப்ரரியை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். வெளியே ஒரு சாதாரண லேப்டாப்பில் கம்பைல் ஆக வேண்டுமானால் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கு நேரம் ஒதுக்கச் சொன்னால் மேனேஜர் "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்பார். பாதி டூல்கள் அந்த அடுத்த குவார்ட்டரில்தான் சாகின்றன.

தனியாக எழுதுபவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒரு உரிம ஃபைல், ஒரு ரீட்மி (அறிமுகக் குறிப்பு), ஒரு புஷ் (கோடைத் தளத்துக்கு ஏற்றுவது). ராத்திரி பதினொன்றுக்கு முடிவெடுத்து பதினொன்றரைக்கு வெளியிடலாம்.

நான் அனுப்பிய பேட்சை கம்பெனி ஆட்கள் மாதக்கணக்கில் கண்டுகொள்ளவில்லை. ஏன்?

திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். பல கம்பெனி புராஜெக்டுகளில் கிட்ஹப்பில் இருப்பது அசல் இல்லை, நகல். அசல் உள்ளே இருக்கிறது. கூகுள் தன் கோடில் பெரும்பகுதியை ஒரே பெரிய ரெப்போவில் வைத்திருக்கிறது. காப்பிபாரா என்ற டூல் உள்ளேயிருந்து வெளியேயும், வெளியேயிருந்து உள்ளேயும் மாற்றங்களைக் கடத்தும். கூகுளின் மெஷின் லேர்னிங் லைப்ரரியான டென்சர்ஃப்ளோவுக்கு நீங்கள் பேட்ச் அனுப்பினால் ஒரு ஊழியர் அதை உள்ளே இழுக்க வேண்டும், உள்ளே இருக்கும் டெஸ்ட்களில் அது தேற வேண்டும், அப்புறம்தான் வெளியே வரும். நீங்கள் பார்க்கவே முடியாத ஏதோ ஒரு டீமின் டெஸ்ட் உடைந்தால் உங்கள் பேட்ச் அங்கேயே நிற்கும். உடைந்தது என்ன என்று விளக்கவும் அந்த ஊழியருக்கு அனுமதி இருக்காது. அதனால் அவர் மௌனமாகிவிடுவார்.

ஆண்ட்ராய்டு இன்னும் ஒரு படி மேலே. 2025 மார்ச்சில் கூகுள் ஆண்ட்ராய்டு வேலை முழுவதையும் வெளியார் பார்க்க முடியாத உள் கிளைகளுக்கு மாற்றிக்கொண்டது. சோர்ஸ் ரிலீஸ் சமயத்தில் வெளியே வரும். உரிமத்தின்படி இப்போதும் அது ஓப்பன் சோர்ஸ்தான். சேர்ந்து எழுதலாம் என்ற எதிர்பார்ப்போடு போனால்தான் ஏமாற்றம்.

சரி, தனியாள் மட்டும் எல்லாப் பேட்சையும் ஏற்றுக்கொள்கிறாரா என்றால், அதுவும் இல்லை. உங்கள் போனிலும் பிரௌசரிலும் இருக்கும் எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸை ரிச்சர்ட் ஹிப் 2000-இல் தொடங்கினார். கோடு பொதுச்சொத்து, யாரும் எடுத்து எதுவும் செய்யலாம். ஆனால் வெளியார் பேட்சைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்று அவர்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முன்னாலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பு இல்லை.

பேட்ச் அனுப்பினால் சிஎல்ஏ-வில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

சிஎல்ஏ என்பது பங்களிப்பாளர் ஒப்பந்தம். நீங்கள் எழுதியதைக் கம்பெனி எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதிக் கொடுக்கிறீர்கள். பல ஒப்பந்தங்களில் உரிமத்தை மாற்றி வெளியிடும் உரிமையும் சேர்ந்திருக்கும். லினக்ஸ் இதைக் கேட்பதில்லை. எஸ்சிஓ என்ற கம்பெனி லினக்ஸில் தன் கோடு இருப்பதாக வழக்குப் போட்டுக் கலக்கிய காலத்தில், 2004-இல், கெர்னலில் ஒரு எளிய முறை வந்தது. ஒவ்வொரு பேட்சின் கீழும் 'சைன்டு ஆஃப் பை' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இது என் கோடு, அல்லது இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அதற்குப் பொருள். அதற்கு மேல் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை.

சின்ன பக் சரிசெய்ய சிஎல்ஏ-வில் கையெழுத்துப் போடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. வருடக்கணக்கில் உழைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். கிளவுட் சர்வர்களை அமைக்கும் டெராஃபார்ம் என்ற டூலில் நடந்தது நினைவிருக்கட்டும். அதை எழுதிய ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில், ஓப்பன் சோர்ஸான எம்பிஎல் உரிமத்திலிருந்து, போட்டியாளர்கள் பயன்படுத்துவதைத் தடுக்கும் பிஸினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாறியது. வெளியார் எழுதிய வரிகளும் சேர்ந்தேதான் மாறின. அடுத்த மாதமே ஓப்பன்டோஃபு என்ற ஃபோர்க் (பழைய கோடை எடுத்துத் தனியாக நடத்தும் பிரிவு) லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்துவிட்டது.

தனியாளாகத் தொடங்கிய புராஜெக்ட் கம்பெனி கைக்குப் போனால் என்ன ஆகும்?

ரெடிஸ் என்ற வேகமான டேட்டாபேஸைப் பாருங்கள், இரண்டு பக்கத்தையும் ஒரே கதையில் பார்த்துவிடலாம். சல்வதோரே சான்ஃபிலிப்போ என்ற இத்தாலியர் 2009-இல் தன் தேவைக்கு எழுதியது. அடுத்த வருடம் விஎம்வேர் அவருக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு பிவோட்டல், 2015-இல் ரெடிஸ் லேப்ஸ். சம்பளம் கொடுப்பவர் மாறினாலும் முடிவு அவருடையதாகவே இருந்தது. 2018-இல் டிரேட்மார்க் ரெடிஸ் லேப்ஸுக்குப் போனது. ரெடிஸின் மையக் கோடு எப்போதும், ஏறக்குறைய எதுவும் செய்ய விடும் பிஎஸ்டி உரிமத்திலேயே இருக்கும் என்று கம்பெனி அந்த வருடம் சொன்னது. 2020-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 2024 மார்ச்சில் கம்பெனி உரிமத்தை மாற்றியது.

அதைச் சட்டப்படி தப்பு என்று சொல்ல முடியாது. பிஎஸ்டி உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. சிஎல்ஏ கூடத் தேவையில்லை. இடம் கொடுக்காத விஷயம் ஒன்றுதான்: பழைய கோடைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. ஒரு சில நாட்களிலேயே, அதுவரை ரெடிஸுக்கு எழுதிக்கொண்டிருந்த வெளியாட்கள் அமேசான், கூகுள், ஆரக்கிள் ஆதரவோடு வால்கீ என்ற ஃபோர்க்கைத் தொடங்கினார்கள். 2025 மே மாதம் ரெடிஸ் 8 வந்தபோது மறுபடி ஓப்பன் சோர்ஸான ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்துவிட்டார்கள். அதற்குள் சான்ஃபிலிப்போவும் கம்பெனிக்குத் திரும்பியிருந்தார். ஆனால் வால்கீக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. "எப்போதும்" என்று ஒரு கம்பெனி சொன்னால், தற்போதைய நிர்வாகம் இருக்கும் வரை என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

கம்பெனி கைவிட்டுவிட்டால்?

அது புராஜெக்ட் எவ்வளவு தூரம் கம்பெனியைத் தாண்டி வேர் விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆங்குலர் ஜேஎஸ், அதாவது பழைய ஆங்குலர், 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கூகுளின் ஆதரவை இழந்தது. அதற்குப் பல வருடம் முன்பே கூகுள் முழுதாகத் திருத்தி எழுதிய புதிய ஆங்குலருக்குப் போய்விட்டது. பழையதில் எழுதி வைத்திருந்த அலுவலகங்கள் மொத்த ஸ்கிரீனையும் மறுபடி எழுதின. அந்த மைக்ரேஷன் வேலை இங்கே பல சர்வீஸ் கம்பெனிகளுக்கு நல்ல சோறு போட்டது என்பது வேறு விஷயம்.

ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியின் கதை வேறு. ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரை வெளியிடும் மொசில்லாவில் வேலை பார்த்த கிரேடன் ஹோர் 2006-இல் சொந்த ஆர்வத்தில் தொடங்கினார், 2009-இல் மொசில்லா ஆதரவு கொடுத்தது. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வீட்டுக்கு அனுப்பியபோது ரஸ்ட்டில் இருந்த பலரும் அதில் போனார்கள். ஆனால் அதற்குள் முடிவெடுக்கும் குழுக்களில் மொசில்லாவுக்கு வெளியே இருந்தவர்கள் நிறைய இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் அமேசான், கூகுள், ஹுவாவே, மைக்ரோசாஃப்ட், மொசில்லா சேர்ந்து ரஸ்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கின. ரிலீஸ் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டேதான் இருந்தது.

பைத்தான் மொழியிலும் இப்படி ஒன்று நடந்தது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஆட்குறைப்பு செய்தபோது பைத்தானை வேகப்படுத்திக்கொண்டிருந்த அதன் குழுவில் பெரும்பாலோர் போனார்கள். பைத்தான் 3.11, முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகமாக வந்ததில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. மொழிக்கு ஆபத்தில்லை, அது யார் கையிலும் மாட்டவில்லை. வேகம் கூட்டும் வேலைதான் மெதுவாகும்.

தனியாகச் செய்தால் சோற்றுக்கு என்ன வழி?

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலோருக்கு வழி இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் எழுதுகிறார்கள். தகவலை ரகசியமாக அனுப்ப உலகத்தின் பாதி வெப்சைட்டுகள் நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல்லுக்கு, 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவரும் வரை, வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக ஒரே ஒருவர் வேலை பார்த்தார். ஓட்டை பெரிய செய்தியான பிறகுதான் பெரிய கம்பெனிகள் பர்சைத் திறந்தன.

வழி கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். கூகுளில் வேலை பார்த்தபோது வெப்சைட் எழுத உதவும் வ்யூ ஜேஎஸ்ஸைத் தொடங்கிய எவன் யூ, 2016-இல் அப்போதைய வேலையையும் விட்டுவிட்டு பேட்ரியான் என்ற தளத்தில் வந்த மாத நன்கொடையை நம்பி முழுநேரமாக இறங்கினார். ரியாக்டுக்கு ஃபேஸ்புக், ஆங்குலருக்கு கூகுள் இருக்க, இவர் தனியாக நின்று மூன்றாவது இடத்தைப் பிடித்தார். இணையத்தில் தகவலை அனுப்பி வாங்கும் கர்ல் என்ற டூலை எழுதிய டேனியல் ஸ்டென்பர்க், 1998 முதல் இரண்டு பத்தாண்டுகள் வேறு வேலைகளோடு சேர்த்து அதைப் பார்த்துக்கொண்டு, 2019-இல்தான் வுல்ஃப்எஸ்எஸ்எல் என்ற சின்னக் கம்பெனியில் சேர்ந்து அதையே முழுநேர வேலையாக்கினார். கம்பெனிகளுக்கு சப்போர்ட் ஒப்பந்தம் விற்பதில் சம்பளம் வருகிறது. எஸ்கியூலைட்டுக்கு ஒரு கன்சார்ட்டியம். சந்தா கட்டும் கம்பெனிகளுக்கு எழுதியவர்களின் நேரம் கிடைக்கும்.

நம் ஊர்ப் பக்கத்தில் சொல்ல வேண்டியது ஜெரோதா. பெங்களூரைச் சேர்ந்த அந்தப் பங்குத் தரகு நிறுவனம் 2024 அக்டோபரில் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் உதவி நிதியைத் தொடங்கியது. ஒரு புராஜெக்டுக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. ரெப்போவில் ஒரு ஜேசன் ஃபைலில் "எனக்கு எவ்வளவு, எதற்கு வேண்டும்" என்று எழுதி வைத்து விண்ணப்பிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படும் நம் ஆட்களுக்கு அந்த ஃபைலை எழுதுவதே நல்ல பயிற்சி.

பணத்தைவிட ஆள் பற்றாக்குறைதான் பயமாக இருக்கிறது. எக்ஸ்இசட் விவகாரம் அதுதானே?

ஆமாம். தனியாகச் செய்வதை ரொம்ப ரொமான்டிக்காகப் பேசுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எக்ஸ்இசட் என்பது ஃபைலைச் சுருக்கும் ஒரு லைப்ரரி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஒரே மெயின்டெய்னர், சம்பளம் கிடையாது, சோர்ந்து போயிருந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் நல்ல நல்ல பேட்சாக அனுப்பினார். கூடவே வேறு சில பெயர்களில் "ரிலீஸ் ஏன் தாமதம், புது மெயின்டெய்னரைப் போடுங்கள்" என்று நச்சரிப்பு. இது சம்பளமில்லாத வேலை என்று அவரே பொதுவில் நினைவூட்ட வேண்டி வந்தது. கடைசியில் புதியவருக்கு உரிமை கொடுத்தார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் இருந்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர், மைக்ரோசாஃப்ட் ஊழியர். வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் (தூரத்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் 0.299 நொடிக்குப் பதில் 0.807 நொடி எடுப்பதைப் பார்த்தார். அரை நொடிதானே என்று விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று பகிரங்கப்படுத்தினார். கம்பெனிச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, தன் டாஸ்க் பட்டியலில் இல்லாத ஒன்றைத் துருவ நேரமும் மனமும் இருந்ததால் உலகம் தப்பியது. அந்த லைப்ரரியை எழுதியவருக்கு அந்த நேரம் யாரும் கொடுக்கவில்லை.

இதற்கு மருந்து "கம்பெனிக்குப் போய்விடு" என்பதல்ல. அப்பாச்சி ஃபவுண்டேஷனின் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் 2021 டிசம்பரில் பாதுகாப்பு ஓட்டை வந்தபோது சரிசெய்ய ராத்திரி பகலாக உட்கார்ந்ததும் தன்னார்வலர்கள்தான். ஃபவுண்டேஷன் இருந்தும் அதுதான் நிலைமை. தனியாகச் செய்கிறீர்களா, "இந்த மாதம் ரிலீஸ் கிடையாது" என்று எழுதப் பழகுங்கள். நச்சரிப்பவருக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக ஓப்பன் சோர்ஸ் எழுதலாமா?

முதலில் ஆஃபர் லெட்டரோடு கையெழுத்துப் போட்ட அந்தக் கட்டுக் காகிதத்தை எடுத்துப் படியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதுவதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். வேலையின் பகுதி எது என்பதில்தான் சிக்கல். பல ஒப்பந்தங்கள் அதை இழுத்துப் பிடித்து, வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எல்லாம் எங்களுடையது என்கிற அளவுக்குப் போகும். கலிஃபோர்னியாவில் சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில், கம்பெனி வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாமல் உருவாக்கிய கண்டுபிடிப்பை முதலாளி எழுதி வாங்க முடியாது என்று தனிச் சட்டமே இருக்கிறது. அங்கே எழுதிய அறிவுரைகளைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிடாதீர்கள்.

நடைமுறையில்: கம்பெனி லேப்டாப்பைத் தொடாதீர்கள், கம்பெனி ஈமெயிலில் கமிட் போடாதீர்கள், கம்பெனி செய்யும் வியாபாரத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஹெச்ஆரிடம் ஒரு வரி ஈமெயில் அனுப்பி, புராஜெக்ட் பெயரைச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். வாயால் "அதெல்லாம் பரவாயில்லைப்பா" என்று மேனேஜர் சொன்னது நாளை அந்த மேனேஜர் போன பிறகு செல்லாது. பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஸ்பான்சர் தொகையாக இருந்தாலும், இரண்டாவது வேலை கூடாது என்ற ஷரத்து மாட்டும், முன்கூட்டியே கேளுங்கள்.

அப்ரைசலில் ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு மதிப்பு உண்டா?

கம்பெனி சொந்த புராஜெக்ட் என்றால் உண்டு. வெளி புராஜெக்டுக்கு ரிவ்யூ செய்வது, புதியவருக்குப் பதில் சொல்வது, பழைய பக்குகளை மூடுவது இதற்கெல்லாம் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த வேலைக்கான இன்டர்வியூவில் இதுதான் பேசும்.

இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். எங்கே தொடங்குவது?

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்றில். கம்பெனி புராஜெக்டா, தனியாளுடையதா என்று கவலைப்பட வேண்டாம். யார் பேட்சுக்குப் பதில் வேகமாக வருகிறது என்று மூடிய புல் ரிக்வெஸ்ட்களைப் பாருங்கள். புதியவர்களை ஓப்பன் சோர்ஸில் பழக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தமிழில் ஏதாவது செய்ய ஆசை இருந்தால் கணியம் அறக்கட்டளை, ஓப்பன் தமிழ் போன்ற இடங்களில் ஆள் தேவை எப்போதும் உண்டு, போனவுடன் பேச ஆளும் இருப்பார்கள்.

ரீட்மியில் உங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பாதீர்கள். பேட்ச் அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் 2020-இல் அப்படி வந்த குப்பையால், புராஜெக்டே சம்மதித்தால்தான் கணக்கில் வரும் என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது. 2024-இல் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் ரெப்போவிலும் இதே கூத்து. ஏஐ எழுதிக் கொடுத்த செக்யூரிட்டி ரிப்போர்ட்டையும் படிக்காமல் அனுப்ப வேண்டாம். கர்ல் குழு அவற்றைப் படித்துத் தள்ளுவதிலேயே நேரம் போகிறது என்று ஸ்டென்பர்க் 2024 தொடக்கத்திலிருந்து எழுதி வருகிறார்.

கம்பெனியை விட்டுப் போகிறேன். நான் தொடங்கிய புராஜெக்டை எடுத்துக்கொண்டு போகலாமா?

கோடை எடுத்துக்கொண்டு போகலாம், உரிமம் எல்லாருக்கும் கொடுத்திருக்கும் அதே அனுமதி உங்களுக்கும் உண்டு. பெயரை எடுத்துக்கொண்டு போக முடியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் கோசுகே கவாகுச்சி எழுதிய, கோடைத் தானாக பில்டு செய்து சோதிக்கும் ஹட்சன் என்ற டூல், ஆரக்கிள் 2010-இல் சன்னை வாங்கியதும் ஆரக்கிளுக்குப் போனது. அவர் வெளியேறினார். பெயர் எங்களுடையது என்று ஆரக்கிள் நின்றதும், 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடத்தி ஜென்கின்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் ஜென்கின்ஸோடு போனார்கள். ஓப்பன் ஆஃபீஸிலிருந்து 2010 செப்டம்பரில் லிப்ரே ஆஃபீஸ் பிரிந்ததும் இதே போலத்தான்.

அவ்வளவு பெரிய கூட்டம் உங்கள் பின்னால் வராது என்று வைத்துக்கொண்டு, நோட்டீஸ் பீரியட் தொடங்கும் முன்பே சிலவற்றைப் பேசி முடியுங்கள். ரெப்போவில் கம்பெனிக்கு வெளியே உள்ள ஒருவருக்காவது அட்மின் அனுமதி தரலாமா என்று கேளுங்கள். பேக்கேஜ்களை வெளியிடும் தளங்களான பைபிஐ-யிலோ என்பிஎம்-இலோ பேக்கேஜ் உங்கள் அலுவலக ஈமெயிலில் பதிவாகியிருந்தால், கடைசி நாள் மாலை அந்த முகவரி மூடப்படும்போது பாஸ்வேர்டு மாற்றும் வழியும் மூடிவிடும். அதை முன்னாலேயே டீமில் இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். டொமைன் யார் கார்டில் புதுப்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். இனியும் நீங்கள் மெயின்டெய்னராக இருக்கலாம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டால், அதை ரெப்போவில் இருக்கும் மெயின்டெய்னர் பட்டியலிலேயே, உங்கள் சொந்த ஈமெயிலோடு, ஒரு கமிட்டாகப் போடச் சொல்லுங்கள்.